வலது பக்கச் சட்டைப்பை

வியாழக்கிழமை

அன்புள்ள மருமகளுக்கு,

உன் அத்தை எழுதுவது. இங்கே நானும் தையல் மெஷினும் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறோம். மெஷினுக்கு நாலு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகிவிடுகிறது. என் முழங்காலுக்கு எதை விட்டாலும் கேட்கவில்லை, தன் பாட்டுக்கு முனகுகிறது. உன் நலத்தை உன் கடிதத்தில் தேடித் தேடிப் பார்த்தேன். பனி கொட்டுகிறது, வார்டு மாற்றிவிட்டார்கள், புது மேட்ரன் சிடுமூஞ்சி, கையுறை வாங்கினாய், ஒன்றைத் தொலைத்தாய் என்று இரண்டு பக்கம். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர் உன்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார் என்பது மட்டும் கடைசியில், மடிப்புக்குக் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி நாலு வரி. அடி போடி! இவ்வளவு பெரிய சேதியை யாராவது இப்படி எழுதுவார்களா? ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துத்தான் படிக்க முடிந்தது. அதற்குப் பதிலை நானும் கடைசியில்தான் எழுதப் போகிறேன். பொறுமையாகப் படி.

பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. சீருடைத் துணி மேஜை கொள்ளாமல் கிடக்கிறது. மாடிவீட்டுக்காரி தன் பிள்ளைக்கு இரண்டு வருஷம் தாங்குகிற மாதிரி பெரிதாகத் தை என்கிறாள். போன வருஷமும் அதையேதான் சொன்னாள். அந்தப் பையன் அதற்குள் ஒரு கூடாரத்துக்குள் இருக்கிற மாதிரிதான் போய்வந்தான். சொன்னால் கேட்கிற ஜாதியா அவள்? எக்கேடோ கெட்டுப்போகட்டும் என்று அளவை எழுதிக்கொண்டேன்.

இன்னொரு விஷயம். நீ சிரிப்பாய் என்று போன கடிதத்தில் எழுதாமல் விட்டேன். நான் இப்போது வாராவாரம் படம் பார்க்கப் போகிறேன். தியேட்டருக்கு இல்லை. தபாலாபீசுக்குப் பின்னால் பழைய வங்கிக் கட்டடம் இருக்கிறதே, அங்கே பழைய படங்களைச் சேர்த்துவைக்கிற காப்பகம் வந்திருக்கிறது. மூடிப்போன ஒரு செய்திப்படக் கம்பெனியின் கிடங்கிலிருந்து டப்பா டப்பாவாக ஃபிலிம் கொண்டுவந்து குவித்திருக்கிறார்கள். பாதி டப்பாவில் பேர் கிடையாது, வருஷம் கிடையாது, திறந்தால் வினிகர் வாடை குமட்டுகிறது. அதனால் வயதானவர்கள் வந்து பார்த்து, இது எந்தத் தெரு, இவர் யார், இது என்ன கூட்டம் என்று தெரிந்ததைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். பக்கத்துத் தெரு டீச்சர்தான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். வீட்டிலேயே கிடந்தால் பித்துப் பிடித்துவிடும் என்றாள். ஏற்கெனவே பிடித்ததற்கு என்ன செய்வது என்று கேட்டேன்.

சின்ன ஹால். மடக்கு நாற்காலிகள், கறுப்புத் திரைச்சீலை. அதன் விளிம்பைக்கூட ஒழுங்காக மடித்து அடிக்கவில்லை. ஃபிலிமைப் பார்த்துக்கொள்கிறவர் ஒல்லியான மனிதர், எப்போதும் கையில் ஒரு டப்பாவோடுதான் வருவார், போவார். நாங்கள் அவருக்கு டப்பாக்காரர் என்று பேர் வைத்துவிட்டோம். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வருகிறார். அவருக்கு மனிதர்கள் யாரையும் தெரியாது, கதவுகளைத்தான் தெரியும். தெரு வந்தவுடனே எழுந்து நின்று, "இந்த வீட்டு நாய் என்னை ரெண்டு தடவ கடிச்சிருக்கு" என்று கத்துகிறார். முடிதிருத்துகிறவர் ஒருவர் பின்னந்தலையைப் பார்த்தே ஆளைச் சொல்கிறார். முகத்தைக் காட்டினால் விழிக்கிறார்.

முதலில் எங்களைக் குஷிப்படுத்த ஏதாவது பழைய கதைப்படம் போடுவார்கள். நாங்கள் பிறப்பதற்கு முன்னால் எடுத்த ஊமைப்படங்கள். ஒன்றில் ஒருத்தி ஜன்னலோரம் நின்று அழுகிறாள், அழுகிறாள், அப்படி அழுகிறாள். எட்டத்தில் காட்டும்போது முழங்கை வரைக்கும் பொத்தான் வைத்த கை. கிட்டத்தில் காட்டும்போது பொத்தானே இல்லாத வெறும் கை. நான் சும்மா இருக்காமல், "அழுகைக்கு நடுவுல சட்ட மாத்திட்டு வந்துட்டாளா?" என்று கேட்டுவிட்டேன். ஹாலே சிரித்தது. டப்பாக்காரர் மறுபடியும் ஓட்டிப் பார்த்து, இத்தனை வருஷத்தில் இதை யாரும் கவனிக்கவில்லை என்றார். எனக்கு ஒரே பெருமை. வீட்டுக்கு வந்து சொல்ல ஆள் இல்லை, மெஷினிடம் சொன்னேன்.

ஆனால் ஒன்று சொல்லட்டுமா? அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு வந்தால் மனசு பாரமாகிவிடுகிறது. திரையில் வருகிறவர்கள் அத்தனை பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பாலம் திறக்கிறார்கள், தொப்பியைக் கழற்றி ஆட்டுகிறார்கள், குழந்தையைத் தூக்கிக் காட்டுகிறார்கள். அந்தக் குழந்தையும் இருக்காது. சத்தமே இல்லாமல் வாயை வாயை அசைத்து என்னமோ சொல்கிறார்கள். இருட்டில் உட்கார்ந்து நாங்கள் ஒவ்வொருவரும் அவரவருடைய ஆளைத்தான் அதில் தேடுகிறோம். யாரும் வெளியே சொல்வதில்லை.

நேற்றும் போனேன். பேர் எழுதாத டப்பா ஒன்றைப் போட்டார்கள். திரையில் துறைமுகத் தெரு. டீச்சர் என் கையைப் பிடித்தாள், உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. என் பிள்ளை வீடு திரும்பாத அந்த நாள்தான். வேலைநிறுத்த ஊர்வலம். பதாகைகள், கூட்டம், கூட்டம், ஒரே தலைகள். கண் கொட்டாமல் பார்த்தேன். அவன் நடை எனக்குத் தெரியாதா? ஆனால் யாரோ துரத்துகிற மாதிரி படம் ஓடியது, பிடிக்க முடியவில்லை. பிறகு சீருடைக்காரர்கள் வந்தார்கள். புகை. கூட்டம் சிதறியது. ஒற்றைச் செருப்புகள் ரோடு முழுக்கக் கிடந்தன.

பிறகு ஒரு குலுக்கல், திரை வெளுத்து, மறுபடியும் படம் வந்தது. ஏதோ ஒரு சரக்குக் கிடங்கு. தரையில் வரிசையாக ஆட்களைப் படுக்கவைத்திருக்கிறார்கள். முகத்தில் சாக்கு. காமிராக்காரன் அவர்கள் கால்மாட்டில் மெதுவாக நடந்துகொண்டே எடுத்திருக்கிறான். அன்றைக்கு ஒருவர்கூடச் சாகவில்லை, ஓடினவர்கள் ஓடிவிட்டார்கள் என்று எத்தனை வாசலில் நின்று நாம் கேட்டிருக்கிறோம், உனக்குத் தெரியும். உன்னையும் என்னையும் வரிசையில் நிற்கவைத்து அதையேதானே சொல்லி அனுப்பினார்கள். பாவிகள்.

மற்றவர்களுக்குச் சாக்கு இடுப்புவரைக்கும் மூடியிருந்தது. ஒருவனுக்கு மட்டும் சாக்கு எட்டவில்லை, முகத்தோடு நின்றுவிட்டது. கட்டம் போட்ட சட்டை. அன்றைக்கு அவன் போட்டுப்போன கட்டச் சட்டையை நீதான் தேய்த்துக் கொடுத்தாய். மிச்சத் துணியில் நான் தைத்தது அது. பைக்குத் துணி பற்றாமல் இரண்டு துண்டை ஒட்டுப்போட்டேன், கட்டம் கட்டத்தோடு சேரவில்லை. "ஏம்மா, பாக்கெட்டுல மட்டும் ரோடு கோணலாப் போகுது" என்று கேலி செய்துகொண்டே போட்டுக்கொண்டு போனான். திரையில் படுத்திருக்கிறவன் சட்டைப் பையிலும் ஒட்டு. கட்டம் சேரவில்லை. நிறுத்துங்கள் என்று கத்தினேனாம், டீச்சர் சொல்கிறாள், எனக்கு நினைவில்லை.

டப்பாக்காரர் மறுபடியும் ஓட்டினார். இந்தத் தடவை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அம்மாடி, பை வலது பக்கம் இருந்தது! பொத்தான் பட்டியும் பெண்பிள்ளை உடுப்பு மாதிரி வலது மேலே, இடது கீழே. ஆண்பிள்ளைச் சட்டைக்கு வலது பக்கம் பை வைக்க எனக்கென்ன கிறுக்கா பிடித்திருக்கிறது? கண்ணைக் கட்டிவிட்டாலும் என் கை இடது பக்கம்தான் போகும். என் பிள்ளை இல்லை என்று சத்தமாகச் சொன்னேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. சிரித்துவிட்டேன், அத்தனை பிணத்தைப் பார்த்துக்கொண்டு சிரித்தேன். பிறகு வெட்கமாகப் போய்விட்டது. யார் பெற்ற பிள்ளையோ! அவளுக்கும் அன்றைக்குத் துணி பற்றவில்லை போலிருக்கிறது. எங்கேயாவது உட்கார்ந்து இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளிடம் யார் போய்ச் சொல்லப் போகிறார்கள்? அவளை நினைத்து வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன்.

இப்போது உன் நாலு வரிக்குப் பதில். அவன் அந்தக் கிடங்கில் இல்லை. படகேறித் தப்பினவர்கள் சிலர் உண்டு என்று அப்போதே பேசிக்கொண்டார்களே, அவர்களோடு போயிருப்பான். கடிதம் போட முடியாத இடமாக இருக்கும். அந்த மனிதர் நல்லவராகவே இருக்கட்டும். ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் குடையோடு வந்து நிற்கிறார் என்று எழுதியிருக்கிறாய். நிற்கட்டும், மழைக்கு நல்லதுதான். ஆனால் கட்டினவன் உயிரோடிருக்கும்போது இன்னொருவருக்கு எப்படிச் சம்மதம் சொல்வாய்? வேண்டாம் என்று சொல்லிவிடு கண்ணு. தீர்மானம் உன்னுடையது என்று எழுதத்தான் நினைத்தேன், கை வரவில்லை.

அவன் வரும்வரைக்கும் உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். இன்னொரு கையுறையைத் தொலைக்காதே.

அத்தை

•

திங்கட்கிழமை

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. சுருக்கமாகத்தான் எழுதுவேன், கோபத்தில் இருக்கிறேன். உன்மேல் இல்லை.

மூன்று வாரம் கழித்து உன் கடிதம் வந்தது. அவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். அவர், "சரிங்க, உங்களுக்கு வருத்தம் வராம இருந்தா போதும்" என்று சொன்னார், மறுநாளும் அதே இடத்தில் குடையோடு நின்றார் என்று எழுதியிருக்கிறாய். நீ அழுததாக எழுதவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் மட்டும் மை கரைந்திருக்கிறது. நான் ஒன்றும் குருடி இல்லை.

டப்பாக்காரர் சனிக்கிழமை வீட்டுக்கு வந்தார். கையில் டப்பா இல்லாமல் அந்த மனிதரைப் பார்த்ததும் எனக்கு அடையாளமே தெரியவில்லை. துணி தைக்க வந்த ஆளாக்கும் என்று டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்தேன். தண்ணீர் கேட்டார். குடித்தார். மறுபடியும் கேட்டார். பிறகு, "அம்மா, அந்தக் கிடங்குத் துண்டு திரும்பி இருக்குது" என்றார். திரும்பி இருந்தால் திருப்பி வையுங்கள், அதற்கு ஏன் என்னிடம் வந்தீர்கள் என்று கேட்டேன்.

அவர் என்னென்னமோ சொன்னார். ஃபிலிமுக்கு ஒரு பக்கம் மங்கல், ஒரு பக்கம் பளபளப்பாம். அந்தச் சுருள் எப்போதோ அறுந்துபோய், கம்பெனியில் யாரோ அவசரத்தில் ஒட்டியிருக்கிறார்கள். ஊர்வலத் துண்டு சரியாக இருக்கிறது. கிடங்குத் துண்டை மட்டும் பக்கம் மாற்றி ஒட்டிவிட்டார்கள். ஒட்டுப் பிரிகிறதே என்று பழுதுபார்க்க எடுத்தபோதுதான் அவர் விரலுக்குத் தெரிந்திருக்கிறது. கிடங்குக்குள் போர்டு இல்லை, எழுத்து இல்லை, அதனால் திரையில் பார்த்த ஒருவருக்கும் தெரியவில்லையாம். எனக்கு ஒன்றும் புரியவில்லை என்று சொன்னேன்.

அப்போது அவர் எழுந்து, நான் அளவு பார்க்க ஆட்களை நிறுத்துவேனே அந்தப் பெரிய கண்ணாடி, அதற்கு முன்னால் போய் நின்றுகொண்டார். அவர் சட்டைப் பையில் பேனா இருந்தது. "எந்தப் பக்கம்மா பேனா இருக்கு?" என்று கேட்டார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு கண்ணாடியைப் பார்த்தேன். இத்தனை வருஷம் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் எத்தனை பேரை நிறுத்தியிருக்கிறேன்! ஒருநாளும் அதில் பை எந்தப் பக்கம் தெரிகிறது என்று நான் பார்த்ததே இல்லை. ஆளைத்தான் பார்த்திருக்கிறேன்.

போங்கள் வெளியே என்றேன். உமக்கு வேறு வேலை இல்லையா, ஊரில் இருக்கிற அழுகிப்போன ஃபிலிமை எல்லாம் கொண்டுவந்து என் வீட்டு வாசலில் கொட்டுகிறீரே என்று கேட்டேன். பாவம், அந்த மனிதர் குடித்த டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார். புதன்கிழமை சரிசெய்து வைக்கிறேன், வேண்டுமென்றால் தனியாக வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் போக மாட்டேன். எதற்குப் போக வேண்டும்? அவர் திருப்பினால் பை இடது பக்கம் வரும், மறுபடியும் திருப்பினால் வலது பக்கம் போகும். இப்படித் திருப்பித் திருப்பிப் போட்டுக் காட்ட என் பிள்ளை என்ன துணியா?

கண்ணாடியை ஒரு போர்வை போட்டு மூடிவிட்டேன். மாடிவீட்டுக்காரி வந்து ஏன் என்றாள். தூசி என்றேன்.

நீ இதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு. நான் சாப்பிட்டுவிட்டேன் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், அதனால் எழுதவில்லை.

அத்தை

•

சனிக்கிழமை

என் கண்ணுக்கு,

இதை வார்டில் வைத்துப் படிக்காதே. அறைக்குப் போ, கதவைச் சாத்து, உட்கார். அங்கே ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேருக்கு நீ இப்படிச் சொல்லியிருப்பாய். இப்போது உனக்கு நான் சொல்கிறேன்.

போனேன். போக மாட்டேன் என்று மெஷினில் உட்கார்ந்தேன். ஒரு காற்சட்டைக்கு இரண்டு காலையும் சேர்த்து ஒன்றாகத் தைத்துவைத்தேன். அதைப் பிரிக்கும்போதே தெரிந்துவிட்டது, போகாமல் இருக்க முடியாது என்று. டீச்சரைக்கூடக் கூப்பிடவில்லை.

ஹாலில் இல்லை, பின்னால் ஒரு அறையில் வைத்துக் காட்டினார். திரை கிடையாது. ஒரு மேஜை, அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடிச் சில்லு, கீழே விளக்கு. பக்கத்தில் கைப்பிடி. நாம் சுற்றினால் படம் நகரும், நாம் நிறுத்தினால் நிற்கும். "நீங்களே சுத்துங்கம்மா, உங்க இஷ்டத்துக்குப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அவர் வாசலோரம் போய் நின்றுகொண்டார். மெஷின் சக்கரத்தைச் சுற்றின கைதானே, சுலபமாக வந்தது.

கிடங்கைத்தான் முதலில் பார்த்தேன். பை இடது பக்கம் இருந்தது. ஒட்டு என் ஒட்டு. மூலையில் இரட்டைத் தையல் போட்டு அறுத்துவிட்ட நூல்கூட என்னுடையதுதான். கை பக்கத்தில் கிடந்தது. பெருவிரல் உள்ளே மடங்கி, மற்ற விரலெல்லாம் அதன்மேல். தொட்டிலில் கிடந்தபோதே அப்படித்தான் வைத்துக்கொண்டு தூங்குவான், உனக்கும் தெரிந்திருக்கும். அவன்தான் கண்ணு. நம் பிள்ளைதான். போன கடிதத்துக்கு முந்தின கடிதத்தில் எவளோ ஒருத்திக்காக அழுதேன் என்று எழுதினேனே, அவள் நான்தான்.

நாம் வாசல் வாசலாகப் போய் நின்ற அன்றைக்கெல்லாம் அவன் அங்கே கிடந்திருக்கிறான். துறைமுகத்துக்கும் நம் வீட்டுக்கும் எவ்வளவு தூரம்? நடந்தே போயிருக்கலாம். எங்கே கொண்டுபோய்ப் புதைத்தார்கள், எரித்தார்கள், கடலில் போட்டார்களா, அது எந்தப் படத்திலும் இல்லை என்கிறார் டப்பாக்காரர். எல்லா டப்பாவையும் தேடிப் பார்த்துவிட்டாராம்.

பிறகு எனக்கு ஒரு வெறி வந்தது. கைப்பிடியைப் பின்னால் சுற்றினேன். கிடங்கு போயிற்று, ஒட்டு போயிற்று, புகை போயிற்று. செருப்புகள் கால்களுக்குத் திரும்பிப் போயின. கூட்டம் பின்பக்கமாக நடந்து வந்தது. இந்தத் தடவை ஒவ்வொரு தலையாகப் பார்த்தேன். அவசரப்படுத்த யாரும் இல்லை. பதாகையின் கம்பைப் பிடித்த ஒருவனுக்குப் பின்னால், பாதி மறைந்து, அவன் வந்தான். கட்டச் சட்டை. பக்கத்தில் வருகிறவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறான், வாயெல்லாம் பல். ஐயோ, எவ்வளவு சின்னப் பிள்ளை! நம் நினைப்பில் அவனும் நம்மோடு வயசாகிக்கொண்டே வந்துவிட்டான். அங்கே அப்படியே இருக்கிறான். நீ இப்போது அவன் பக்கத்தில் நின்றால் அக்கா என்பார்கள்.

அங்கேயே நிறுத்திக்கொண்டேன். கைப்பிடியை விடவில்லை. அதற்கு முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம், இப்படியே சிரித்துக்கொண்டு நில்லடா என்று அவனிடம் சொன்னேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. டப்பாக்காரர் வந்து குனிந்து, "அம்மா, ரொம்ப நேரம் நிறுத்தி வச்சா விளக்குச் சூட்டுல அந்த இடம் வெந்துபோயிடும்மா" என்றார். அதட்டவில்லை, கெஞ்சினார். முகம்தான் முதலில் போகும் என்றார்.

நானே சுற்றினேன். முன்னால்தான் சுற்ற வேண்டியிருந்தது, சுருள் அந்தப் பக்கம்தான் முடிகிறது. என் கையாலேயே அவனை அந்தப் புகைக்குள் அனுப்பினேன்.

வெளியே ஹாலில் தபால்காரரும் முடிதிருத்துகிறவரும் வழக்கம்போல வந்து உட்கார்ந்திருந்தார்கள். டப்பாவின் மேல் ஒட்ட ஒரு சீட்டு வேண்டும், நீங்கள் சொன்னால் எழுதுகிறேன், சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை என்றார் டப்பாக்காரர். அவன் பேரைச் சொன்னேன். வாய்விட்டு அவன் பேரைச் சொல்லி எவ்வளவு காலமாயிற்று! நீயும் நானும் 'அவன்', 'அவர்' என்றே பேசிப் பேசி ஓட்டிவிட்டோம். தபால்காரர் எழுந்து நின்றார். எந்தக் கதவு என்று கேட்கவில்லை. இனி அந்தக் கிடங்கில் கிடக்கிற மற்றவர்களுக்கும் பேர் தேடப் போகிறார்களாம், என்னையும் வரச் சொல்கிறார்கள். எத்தனை வீட்டில் போய் இதைச் சொல்வது? தெரியவில்லை. என் உடம்பில் தெம்பில்லை. போவேனோ மாட்டேனோ.

இங்கே வராதே. வந்து என்ன செய்யப் போகிறாய்? அவனை வைத்து அழ ஒரு பிடி மண்கூட இல்லை. என்னைக் கட்டிக்கொண்டு அழுவாய், நான் உன்னைக் கட்டிக்கொண்டு அழுவேன், பிறகு உன்னைத் திருப்பி அனுப்ப எனக்கு மனசு வராது. என்னை எனக்குத் தெரியும். இத்தனை வருஷமும் நீ அவனுக்காகக் காத்திருந்தாயா, என் வாய்க்குப் பயந்து காத்திருந்தாயா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. நீ சொல்லவும் வேண்டாம்.

அந்த மனிதரிடம் போ. வேண்டாம் என்று சொன்னது நீ இல்லை, என் கிழட்டு ஆசை என்று சொல். என்மேல் எவ்வளவு பழி வேண்டுமானாலும் போடு, தாங்குவேன். அவர் இன்னும் கேட்கத் தயாராக இருந்தால் சரி என்று சொல்லிவிடு. நாள் பார்க்காதே, துக்கம் காக்காதே, என்னிடம் மறுபடியும் உத்தரவு கேட்டு எழுதி, அந்தக் கடிதம் வந்து நான் பதில் போட்டு, அதற்கெல்லாம் காத்திருக்காதே. இதுதான் உத்தரவு. அவனைப் பெற்றவள் சொல்கிறேன், அவன் வர மாட்டான். இதை எழுதுவதற்குள் நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

ஒன்று மட்டும் செய். அழுகை வரும், வராமல் எங்கே போகும். தனியாக அழாதே. அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அழு. யாருக்காக அழுகிறாய் என்று அவருக்குத் தெரியட்டும். தெரிந்தும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தால், கண்ணை மூடிக்கொண்டு அவரைக் கட்டிக்கொள். நல்லா இருப்பாய். பிள்ளைகுட்டியோடு நல்லா இருப்பாய். என் வயிறு எரிந்துகொண்டிருக்கிறது, ஆனாலும் அந்த வயிற்றிலிருந்துதான் சொல்கிறேன்.

கல்யாணம் ஆன பிறகு என்னை அத்தை என்று எழுதுவது முறையா, அவர் மனசுக்குப் பிடிக்குமா, எனக்குத் தெரியவில்லை. எப்படியாவது கூப்பிட்டு எழுது. மேலே ஒன்றுமே போடாமல் வெறும் தாளில் பனி கொட்டுகிறது என்று நாலு வரி எழுதினாலும் போதும். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே அம்மா.

இப்படிக்கு,
நான்தான்